பகலில் படுத்த மருமகள்

இந்த முருங்கைக்கீரையை உருவி முடிக்கிற வரைக்கும்தான் கதை, கீரை முடிஞ்சா கதையும் முடிஞ்சது, சரியா? ஆளுக்கு ஒரு கொத்து எடுத்துக்கோங்க. ஈர்க்கு வராம உருவணும், பழுத்த இலையைத் தனியாப் போடணும். எனக்குச் சத்தமாச் சொல்ல வராது, கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. உள்ளே சின்னவன் இப்பத்தான் எங்க அத்தை தோளில் அழுகையை நிறுத்தியிருக்கான். ராத்திரி பூரா அவனும் தூங்கலை, என்னையும் தூங்க விடலை. அதனால மெதுவாத்தான் சொல்லுவேன், நீங்களும் மெதுவாத்தான் உம் கொட்டணும்.

ஒரு மலையடிவாரத்தில் ஒரு பெரிய கண்மாய், அந்தக் கண்மாய்க்கு மேற்கே மேலப்பட்டி, கிழக்கே கீழப்பட்டி, அந்தக் கீழப்பட்டியில் சீனியம்மா சீனியம்மா என்று ஒரு மருமகள் இருந்தாளாம். அவளுக்கு வாய் இருக்கிறதா இல்லையா என்று ஊருக்கே தெரியாது. யார் என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவாள். சரி என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் இப்படியும் அப்படியும், அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் அவள் புருஷன் மொக்கையன், மாமியார் பூவாயி, இடுப்பில் ஒரு கைப்பிள்ளை, கொட்டிலில் ஒரு எருமை. கண்மாய்க்குக் கீழே கையகலம் வயல்.

ரெண்டு ஊருக்கும் ஒரே கண்மாய், ஒரே மடை. மழை முடிந்து கண்மாய் நிறைந்ததும் முதல் தண்ணீர் யாருக்கு என்று சண்டை வரும். இவன் மண்வெட்டியைத் தூக்குவான், அவன் கம்பைத் தூக்குவான், மண்டை உடையும். உடைந்த மண்டையோடு எல்லாரும் ராசாவிடம் போனார்கள். ராசா பார்த்தார், வந்து நிற்கிற தலை எல்லாம் கட்டுப் போட்ட தலையாக இருந்தது.

"இனிமே கையை நீட்டக் கூடாது, காலைத்தான் நீட்டணும். ஊருக்கு ஒரு ஆள் ஓடுங்க. முதல்ல மடைக்கல்லைத் தொடுற ஊருக்கு முதல் தண்ணி. அந்த ஊர் வயல் நிறைஞ்சதும் மடையைத் திருப்பி அடுத்த ஊருக்கு விட்டுடணும்" என்று சொல்லிவிட்டார்.

எங்கே ஓடுவது? பழைய ஆறு போன தடம் ஒன்று இருந்தது, தண்ணீர் இல்லாமல் வெறும் மணல். அங்கே கிளம்பி, மொட்டைப்பாறையில் ஏறி இறங்கி, அப்புறம் கண்மாய்க்கரை மேலேயே நேராக ஓடி மடைக்கல்லைத் தொட வேண்டும். மணல், பாறை, கரை. ஞாபகம் வச்சுக்கோங்க. மணல், பாறை, கரை.

ராசா சொன்னது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேலப்பட்டியில் துரைச்சிங்கம் துரைச்சிங்கம் என்று ஒரு பெரியதனக்காரர் இருந்தார். அவருக்குக் கால் நீளம், அதைவிட மீசை நீளம், அதைவிட ஆசை நீளம். வருஷா வருஷம் அவரே ஓடி அவரே ஜெயித்தார். ஜெயித்தால் தங்கள் வயல் நிறைந்ததும் மடையைத் திருப்ப வேண்டுமா இல்லையா? திருப்ப மாட்டார். "இன்னும் நிறையலை, இன்னும் நிறையலை" என்பார். தண்ணீர் பின்பக்கமாக அவருடைய கரும்புத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். கீழப்பட்டிக்காரர்கள் கேட்கப் போனால், "தண்ணியா வேணும்? என்னைவிட வேகமா ஓடி வந்து வாங்கிக்கோங்க" என்று மீசையை முறுக்குவார்.

கடைசியில் கீழப்பட்டிக்கு வருவது கலங்கல் சேறுதான். நெல் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் வெடித்துப் போகும். கதிரை உருவினால் கையில் பதர், ஊதினால் பறந்துவிடும்.

இப்படியே போனால் ஊர் என்ன ஆகும்? கீழப்பட்டியில் ஓடத் தெரிந்தவன் எல்லாம் ஓடித் தோற்றாகிவிட்டது. இனி நான் ஓடுகிறேன் என்று சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. ஊர்கூடி, வீட்டு முறை வைத்து ஓடுவது என்று முடிவு செய்தார்கள். முறை யார் வீட்டில் வந்து விழுந்தது? மொக்கையன் வீட்டில். மொக்கையன் எப்படி இருந்தான்? பனையிலிருந்து விழுந்து காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுத்திருந்தான்.

"அப்ப யாருப்பா ஓடுறது? பூவாயி அக்காவா?" என்றான் ஒருத்தன்.

"ஓடுவேன்டா. ஓடுற ஓட்டத்துல நேரா சுடுகாட்டுலதான் போயி நிப்பேன். தூக்கிட்டுப் போற செலவு உங்களுக்கு மிச்சம், சம்மதமா?" என்றாள் பூவாயி. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. "இந்த வருஷமும் பதர்னா மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுப் பஞ்சம் பொழைக்கப் போறதுதான். இந்த ஊர்ல விளக்கு ஏத்த ஆள் இருக்காது" என்று ஒரு பெரியவர் சொன்னார்.

அப்போது கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "நான் ஓடுறேன்."

யார் பேசினது, யார் பேசினது என்று எல்லாரும் திரும்பினார்கள். பார்த்தால் சீனியம்மா. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அடியே, நீயா? நீ எதுக்குடி ஓடியிருக்க இதுவரைக்கும்?" என்றாள் பூவாயி.

"கோழி பிடிக்க ஓடியிருக்கேன் அத்தே."

திரும்பவும் ஊரே சிரித்தது. ஆனால் வேறு யாரும் இல்லையே, சரி போ என்று விட்டுவிட்டார்கள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் தெரியுமா? அவள் பிள்ளை பெற்ற நேரத்தில் வீட்டில் ஒரு குருணை இல்லை. பதர் விளைந்த வருஷம். அப்போது அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடி என்று கொண்டுவந்து கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். தாங்கள் அரை வயிற்றோடு இருந்துகொண்டு ஊற்றினார்கள். அந்தக் கஞ்சிதான் பிள்ளைக்குப் பாலாக வந்தது. அதை நினைத்து நினைத்து அவள் நெஞ்சு நிறைந்து கிடந்தது. வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியவில்லை. வாயால் சொல்ல முடியாததைக் காலால் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், பாவம்.

மறுநாள் விடியும்போதே மொட்டைப்பாறைக்குப் போனாள். ஏறினாள், மூச்சு வாங்கியது. ஏறினாள், முட்டி இடித்தது. ஏறினாள், சறுக்கிக்கொண்டு அடிவாரத்துக்கே வந்தாள். அப்போது "ம்மே" என்று ஒரு சத்தம். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட வெள்ளாடு ஒன்று, முள்வேலியில் கொம்பு மாட்டிக்கொண்டு கிடந்தது. மடி பால் கட்டிக் கனத்துப் போயிருந்தது, குட்டி தூரத்தில் கத்திக்கொண்டிருந்தது. சீனியம்மா தன் முட்டியைத் துடைக்காமல் முதலில் போய் வேலியை விலக்கிவிட்டாள். கையெல்லாம் முள் கீறிவிட்டது.

ஆடு சொன்னது, "நல்லா இருக்கணும் தாயி நீ. எதுக்கு இந்தப் பாறையில உருண்டுக்கிட்டு இருக்க?"

இவள் விஷயத்தைச் சொன்னாள். மனுஷர்களிடம் பேசத்தான் அவளுக்குக் கூச்சம், ஆட்டிடம் என்ன கூச்சம்?

"நீ ஏறும்போது பாறை உச்சியைப் பாக்குற. அது எங்கயும் ஓடிப்போகாது, அங்கேயேதான் இருக்கும். நீ உன் காலுக்கு முன்னால கொஞ்ச தூரத்தைப் பாரு. எட்டை நீட்டி வைக்காத, சின்னச் சின்னதா வச்சு வெரசா ஏறு. முழங்காலை மேல தூக்கு, கையை வீசு. கை போற வேகத்துக்குத்தான் கால் வரும். வா, எனக்குப் பின்னாலேயே வா."

ஆடு முன்னால் ஏறியது, இவள் பின்னால் ஏறினாள். ஏறினாள், இறங்கினாள். ஏறினாள், இறங்கினாள். ஏறினாள், இறங்கினாள். நாள் போகப் போக ஆட்டுக்குட்டி மாதிரி ஏற ஆரம்பித்துவிட்டாள்.

இது துரைச்சிங்கம் காதுக்குப் போனது. அவர் புதருக்குப் பின்னால் வந்து ஒளிந்து நின்று பார்த்தார். "ஓகோ, இதுதானா சங்கதி!" என்றார். ஆடு தன் கொல்லையில் மேய்ந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, அந்தக் கோயில் ஆட்டையும் குட்டியையும் பிடித்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் கட்டிப்போட்டார்.

சீனியம்மா என்ன செய்வாள்? அழுதுகொண்டே மணல் தடத்துக்குப் போனாள். மணலில் ஓடினாள், கால் புதைந்தது. ஓடினாள், கால் புதைந்தது. ஓடினாள், முகமே போய்ப் புதைந்தது. ஏன் சிரிக்கிறீங்க? நீங்க ஓடிப் பாருங்க தெரியும்.

அந்தப் பக்கமாக மேய வந்திருந்த அவள் வீட்டு எருமை நிமிர்ந்து பார்த்தது. அந்த எருமை முதுகில் காக்கை கொத்திப் புண்ணாகி இருந்ததை, தினமும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி ஆற்றினவள் சீனியம்மாதான். எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னது, "நான் ஓட்டம் சொல்லிக்கொடுத்தா ஊர் சிரிக்கும். ஆனா சேத்துல நடக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும். சேறும் மணலும் ஒண்ணுதான். காலை வச்சுக்கிட்டே நின்னா அது பிடிச்சுக்கும். வச்சதும் எடு, வச்சதும் எடு. குதிகாலை ஊன்றாத, விரலால உதை. அப்புறம் ஒரு பச்சைப் பனமட்டையை இடுப்புல கட்டி இழுத்துக்கிட்டு ஓடு."

"சும்மா ஓடவே முடியலையே, மட்டையை வேற இழுக்கவா?"

"கொஞ்ச தூரம் இழு. அப்புறம் அவுத்துப் போட்டுட்டு ஓடிப் பாரு."

இழுத்தாள். இடுப்பு விட்டுப்போனது. அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினாள். அடேயப்பா! தன் காலை யாரோ திருடிக்கொண்டு போய்விட்ட மாதிரி லேசாக இருந்தது. தடத்து ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த அணிலே ஒதுங்கி வழி விட்டதாம்.

அதையும் துரைச்சிங்கம் ஒளிந்து நின்று பார்த்தார். "ஓகோ, இதுதானா சங்கதி!" என்றார். எருமை தன் வரப்பை மிதித்துவிட்டது, ஓட்டம் முடிகிற வரைக்கும் விடமாட்டேன் என்று அதையும் ஓட்டிக்கொண்டு போனார்.

எருமை போனதும் வீட்டில் பால் போனது. பால் விற்று வாங்குகிற குருணையும் போனது. சீனியம்மா அன்றைக்கு ரொம்ப அழுதாள். அழுதுகொண்டே பாறையில் ஓடினாள், மணலில் ஓடினாள், வீட்டு வேலையையும் செய்தாள். தண்ணீர் எடுத்தாள், கூலிக்கு நெல் குத்தினாள், புருஷன் காலுக்குப் பற்றுப் போட்டாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், திரும்பவும் ஓடினாள். ஓட ஓட வேகம் வரவேண்டுமா இல்லையா? வரவில்லை. குறைந்துகொண்டே வந்தது. நேற்று ஏறின பாறை இன்றைக்கு ஏற முடியவில்லை.

அவள் வீட்டுக் குதிருக்குப் பின்னால் செவலை நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. மழையில் நனைந்து வந்த நாயை, பூவாயி விரட்டப் போனபோது, சீனியம்மாதான் சாக்கை விரித்து இடம் கொடுத்தாள். அந்த நாய் தலையைத் தூக்கிச் சொன்னது, "ஏ சீனி, உனக்கு ஆடும் எருமையும் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கு. மீதி என்கிட்ட இருக்கு."

"சொல்லு செவலை, நல்லா இருப்ப. மட்டையை இன்னும் பெரிசாக் கட்டணுமா? பாறையில இன்னும் நிறைய தடவை ஏறணுமா?"

"படுக்கணும்."

"என்னது?"

"படுக்கணும்டி. நான் முயலை விரட்டறதைப் பார்த்திருக்கியா? விரட்டும்போது உசிரைக் குடுத்து ஓடுவேன். ஓடி முடிச்சா நாக்கைத் தொங்கப் போட்டுட்டு மெதுவா நடப்பேன், மூச்சு திரும்புற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் வரமாட்டேன். அப்புறம்தான் அடுத்த ஓட்டம். எல்லாம் முடிஞ்சதும் நிழல் பார்த்துச் சுருண்டு படுத்துருவேன். ஓடும்போது கால் தேயுது. தேஞ்ச கால் வளர்றது படுக்கையிலதான். நீ தேய்ச்சுக்கிட்டே இருக்க, வளர விடலையே. இன்னொண்ணு, ஓடும்போது பல்லைக் கடிக்கிற, கையை மூடிக்கிற. என் வாயைப் பாரு, காதைப் பாரு, எப்படித் தொளதொளன்னு ஆடுது. மூஞ்சி இறுகினா உடம்பு பூரா இறுகிப்போகும்."

இங்கேதான் பிள்ளைகளா, சீனியம்மாவுக்குப் பெரிய கஷ்டம் வந்தது. பாறை ஏறிவிட்டாள். மணல் தாண்டிவிட்டாள். பகலில் படுப்பது எப்படி? மருமகள் பட்டப்பகலில் பாயை விரித்தால் மாமியார் விடுவாளா, ஊர் விடுமா?

முதல் நாள் படுத்தாள். "அடியே, பொழுது நிக்குது, நீ படுக்குற! வீடு விளங்குமா?" என்று பூவாயி கத்தினாள். எழுந்துவிட்டாள்.

ரெண்டாம் நாள் படுத்தாள். "ஊர்த் தண்ணி உன் கால்ல இருக்கு, நீ கண்ணை மூடுறியே!" என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சொன்னாள். எழுந்துவிட்டாள்.

மூணாம் நாள் படுக்கவே இல்லை. தண்ணீர்க் குடத்தோடு வாசலில் வந்தவள், கால் பின்னிக் குடத்தோடு விழுந்தாள்.

பூவாயி திட்டத்தான் ஓடிவந்தாள். வந்து தூக்கினவள், மருமகள் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தாள். "இது காலா, உலக்கையாடி?" என்றாள். உள்ளே போய் நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து தேய்த்தாள். குதிருக்குப் பின்னால் அந்த நாய் குட்டிகளை அணைத்துக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. பூவாயி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்ததுல இருந்து ஒரு நாளும் பகல்ல படுத்ததில்ல. படுக்கணும்னு தோணாம இல்லடி. படுன்னு ஒருத்தரும் சொல்லலை. இப்ப நான் சொல்றேன், நீ படு."

"பிள்ளை அழுவானே அத்தே."

"எனக்கும் கை இருக்கு, இடுப்பு இருக்கு. படு."

அன்றிலிருந்து சீனியம்மா ஒரு நாள் காலையில் பாறை ஏறுவாள், மறுநாள் மணலில் மட்டை இழுப்பாள், அதற்கு மறுநாள் கண்மாய்க்கரையில் செவலையோடு பறப்பாள். கரைமேல் நிற்கிற ஒற்றைப் பனை வரைக்கும் உசிரைக் கொடுத்து ஓட்டம், அங்கிருந்து மூச்சு திரும்புகிற வரைக்கும் மெதுவாக நடை, திரும்பவும் ஓட்டம். வெயில் ஏறினால் வீட்டுக்கு வந்து கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். வாசலில் பூவாயி விளக்குமாற்றோடு உட்கார்ந்திருப்பாள். யாராவது எட்டிப் பார்த்தால், "என் மருமக படுத்திருக்கா. சத்தம் போட்டா இதுதான் பேசும்" என்று விளக்குமாற்றைக் காட்டுவாள். மொக்கையன் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு தொட்டில் ஆட்டுவான். அந்த வீட்டில் கோழிகூட மெதுவாகத்தான் கொக்கரித்ததாம்.

மூணாவது தடவையும் துரைச்சிங்கம் வந்தார். வேலியோரமாக ஒளிந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தால் சீனியம்மா ஒரு பக்கம் தூங்குகிறாள், நாய் ஒரு பக்கம் தூங்குகிறது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஓகோ, இதுதானா சங்கதி! ஆட்டையும் எருமையையும் பிடிச்சதுல ஆள் சோர்ந்து படுத்துட்டா. தூங்குறதுக்கு ஒரு நாய் வேற துணை!" என்று மீசையை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். நாயை மட்டும் பிடிக்கவே இல்லை. பிடித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்? காலையில் பாறை, மத்தியானம் பாறை, சாயங்காலம் பாறை. நடுவே மணல். பனமட்டை எதற்கு என்று ஒரு பனந்துண்டையே இடுப்பில் கட்டி இழுத்தார். அவர் பெண்சாதி, "செத்த உட்கார்ந்து சாப்பிடுங்களேன்" என்பாள். "உட்கார்ந்தா கால் ஓட்டத்தை மறந்துரும்டி" என்று நின்றுகொண்டே சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே குதிப்பார்.

கட்டுத்தறியில் கிடந்த ஆடு எருமையைக் கேட்டது, "அக்கா, இந்த மனுஷன் நொந்து போறாரே, சொல்லிரலாமா?"

எருமை அசைபோட்டுக்கொண்டே சொன்னது, "நம்மைக் கட்டத்தான் தெரிஞ்சுது அவருக்கு. ஒரு வார்த்தை கேட்டாரா?"

"கேக்கலையே."

"அப்ப நீ புல்லைத் தின்னு."

ஓட்டத்து நாள் வந்தது. அதற்கு முதல் நாள் சீனியம்மா ஓடவே இல்லை. செவலை அப்படித்தான் சொல்லியிருந்தது. துரைச்சிங்கமோ முதல் நாள் பொழுது சாய்கிற வரைக்கும் பாறையில்தான் இருந்தார்.

ரெண்டு ஊரும் கரையில் கூடிவிட்டது. மணல் தடத்தில் துரைச்சிங்கம் வந்து நின்றார். பக்கத்தில் சீனியம்மா, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என்னம்மா, தூக்கம் கலைஞ்சுதா? பாயைக் கொண்டு வரலையா?" என்றார் துரைச்சிங்கம். மேலப்பட்டி சிரித்தது. கூட்டத்திலிருந்து பூவாயி, "பாய் உங்களுக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன், வாங்க!" என்றாள். கீழப்பட்டி சிரித்தது.

பறை முழங்கியது, ரெண்டு பேரும் பாய்ந்தார்கள்.

மணலில் துரைச்சிங்கம் முந்தினார். நீளக் கால் அல்லவா? சீனியம்மா வைத்ததும் எடுத்தாள், வைத்ததும் எடுத்தாள், விரலால் உதைத்தாள், பின்னாலேயே போனாள். பாறையில் அவர் உச்சியைப் பார்த்துக்கொண்டே எட்டி எட்டி வைத்தார். அவள் காலுக்கு முன்னால் பார்த்து, கையை வீசி, சின்னச் சின்னதாக வைத்து ஏறினாள். உச்சியில் ரெண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள். இறங்கினார்கள். இனி கரை.

கரைக்கு வந்ததும் துரைச்சிங்கம் பல்லைக் கடித்தார். கையை இறுக மூடினார். மீசைகூட இறுகிக்கொண்டது. "ஒரு பொம்பளைகிட்டயா!" என்று ஒரு உறுமல் உறுமி முழு மூச்சாக எட்டு வைத்தார். முந்திவிட்டார். கீழப்பட்டிக்காரர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள். போச்சு, இந்த வருஷமும் பதர்தான்.

சீனியம்மாவுக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. கடிக்கப் போனாள். அப்போது கரையோரத்தில் ஓடி வந்த செவலையின் முகத்தைப் பார்த்தாள். நாக்கு ஒரு பக்கம் தொங்குகிறது, காது ரெண்டும் தொளதொள. இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தாடை இளகியது, தோள் இளகியது, கை இளகியது. படுத்துப் படுத்து வளர்ந்த கால் ரெண்டும், இத்தனை நாள் சேர்த்து வைத்ததை எல்லாம் அந்த இடத்தில் எடுத்துக் கொடுத்தன. ஒற்றைப் பனையைத் தாண்டும்போது அவள் கால் தரையில் பட்டதை யாரும் பார்க்கவில்லையாம்.

அவளுடைய மூச்சுச் சத்தம் பக்கத்தில் கேட்டு, துரைச்சிங்கம் இன்னும் கொஞ்சம் எட்டி வைக்கப் பார்த்தார். இத்தனை நாளும் ஓய்வு அறியாத கெண்டைக்கால், கயிறு முறுக்கின மாதிரி சுண்டி இழுத்துக்கொண்டது. "ஐயோ!" என்று காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, உட்கார்ந்தவர் உருண்டு, கரைச்சரிவில் புல்லில் போய் விழுந்தார்.

சீனியம்மா ஓடிப்போய் மடைக்கல்லைத் தொட்டாள். ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

கீழப்பட்டிக்காரர்கள் போட்ட குலவையில் கண்மாய்க் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. அவள் மூச்சு திரும்பியதும் என்ன செய்தாள் தெரியுமா? நடந்துபோய் அந்த மனுஷன் விழுந்த இடத்தில் நின்றாள். "ஐயா, பல்லைக் கடிக்காதீங்க. காலை நீட்டுங்க. பாதத்தை உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க. அப்புறம் கொஞ்ச நாள் படுத்திருங்க, சரியாயிரும்" என்றாள்.

"இதை யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று அழாத குறையாகக் கேட்டார் அவர்.

"நீங்க வேலியோரம் நின்னு பார்த்தீங்களே, அந்த நாய்தான்."

பூவாயி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், பாயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பாயில் வைத்துத்தான் நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் இத்தனை நாள் படுக்காத படுக்கையை எல்லாம் சேர்த்துப் படுத்தார். கீழப்பட்டி வயல் நிறைந்ததும், நிறையவில்லை நிறையவில்லை என்று சொல்லாமல், சீனியம்மா தானே போய் மடையை மேலப்பட்டிக்குத் திருப்பிவிட்டாள். அந்த ஊர் ஏழை வயல்கள் எல்லாம் முதல் தடவையாக முழுசாக நிறைந்தன. கடைசியாக எட்டினது கரும்புத் தோட்டத்துக்கு. என்ன எட்டினது? கலங்கல் சேறு. பாதிக் கரும்பு காய்ந்து தட்டையாகப் போனது. அவர் கட்டிப்போட்ட ஆட்டையும் குட்டியையும் எருமையையும் ஊரார் போய் அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். கோயில் ஆட்டைக் கட்டிப்போட்ட குற்றத்துக்கு, கால் சரியானதும் துரைச்சிங்கம் கண்மாய்க்கரைக்கு மண் சுமக்க வேண்டும் என்று ரெண்டு ஊரும் சேர்ந்து சொன்னது. சுமந்தார். சுமக்கும்போது நடுநடுவே உட்கார்ந்துகொண்டாராம், அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

அந்த வருஷம் கீழப்பட்டியில் கதிரை உருவினால் கை கனத்தது. முதல் கதிரை சீனியம்மா ஆட்டுக்குக் கொடுத்தாள், "நல்லா இருக்கணும் நீ" என்றாள். முதல் தண்ணீரில் எருமையைக் குளிப்பாட்டினாள், "நல்லா இருக்கணும் நீ" என்றாள். முதல் சோற்றில் தயிரை ஊற்றி நாய்க்கு வைத்தாள், "நல்லா இருக்கணும் நீ" என்றாள். அப்புறம் ஒரு மரக்கால் புது நெல்லை எடுத்துக்கொண்டு, தனக்குக் கஞ்சி ஊற்றின ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடி போட்டாள். தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "நீங்க ஊத்தின கஞ்சிதான் ஓடுச்சு, நான் ஓடலை" என்றாள். அன்றைக்குத்தான் அவளுக்கு வாய் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது.

கடைசியில் வீட்டுக்கு வந்தாள். பூவாயி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். சீனியம்மா பாயை விரித்தாள், தலைமாட்டில் துணியைச் சுருட்டி வைத்தாள். "அத்தே, இப்ப நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

அதிலிருந்து அந்த ஊரில் மடை திறக்கிற நாளில் பொம்பளைகள் எல்லாரும் பகலில் படுத்துக்கொள்வார்களாம், ஆம்பளைகள் உலை வைப்பார்களாம். சோறு குழைந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. அதனால பிள்ளைகளா, உருவின கீரையை இந்தச் சுளகில் போடுங்க, யாராவது வேலை பார்த்து அசந்து கண்ணை மூடியிருந்தா, அவங்களை எழுப்பாம, ஓசைப்படாம, பூனை மாதிரி அந்தப் பக்கமா—

"ஏத்தா! அந்தச் சுளகை இங்க கொண்டா, மிச்சக் கீரையை நான் உருவுறேன். பிள்ளை தூங்கிட்டான், பக்கத்துல பாய் விரிச்சிருக்கேன். வந்து செத்தப் படு."

"இந்தா வந்துட்டேன் அத்தே, கதை இன்னும் ஒரு வாய்தான், அந்தச் சீனியம்மா—"

"அந்தச் சீனியம்மா படுத்துட்டாள்ல, நீயும் வந்து படு."